ஒரு குமிழிகூட அதிகமில்லை

தொட்டியின் கருவி கத்தத் தொடங்கியபோது
கேக்கின் ஏழாவது துண்டை வெட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி. டெல்ஃப்சைல். வெளியே மைனஸ் ஆறு.
ஜன்னல் இடுக்குகளுக்கு நானே நாடா ஒட்டியிருந்தேன்,
கடற்காற்று நூலாகக்கூட நுழையாதபடி.
வாசலில் என் உயரத்துக்கு ஒரு வைக்கோல் பொம்மை,
ஐம்பதைத் தொட்டவள் வீடு என்று தெருவுக்குச் சொல்ல.
உள்ளே வட்டமாய்ப் போட்ட நாற்காலிகள்:
அக்கா ட்ரைன்ட்யே, அவள் மாமியார்,
எதிர்வீட்டு ஹார்ம், அவர் கூட்டிவந்த யாரோ இருவர்.
எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கி
காப்பிக்குக் காத்திருந்தார்கள்.

பி.ஹெச். ஏழு புள்ளி ஏழு நான்கு.
சிவப்பு எழுத்தில்.

வீபே பாலத்தில் இருந்தான், இரவுப் பணி.
எம்ஸ் கால்வாயில் சரளை ஏற்றி வரும் ஒரு படகுக்காகச்
சாலையையே தூக்கி நிறுத்துகிற கை அவனுடையது.
அதே கை
ஊசிவால்வை மயிரிழை திருப்பிவிட்டு
இரண்டு நாள் சட்டைப்பையைவிட்டு வெளியே வராது.

"எதையும் தொடாதே ஹிஸ்கே" என்றான்.
அதற்குப் பிறகுதான் ஹலோ.

பிறந்தநாள் உடையோடு, விரலில் கிரீமோடு
மண்டியிட்டு அலமாரியைத் திறந்தேன்.
அங்கே நிற்கிறது அவனுடைய கால்சியம் ரியாக்டர்.
தெளிந்த உருளை. உள்ளே செத்த பவளத்தின் எலும்புகள்,
எந்தக் கடலிலோ பொறுக்கி, சலித்து,
கிலோ கணக்கில் பையில் விற்றவை.
வாயு கரைய நீர் புளிக்கிறது,
புளிக்கப் புளிக்க எலும்பு விட்டுக்கொடுக்கிறது,
சொட்டுச் சொட்டாய் மேலேறி
உயிரோடிருப்பதன் எலும்பாகிறது.
கல்யாணமான புதிதில் இதைக் கேட்ட அன்று
எனக்குச் சோறு இறங்கவில்லை.

"குமிழியை எண்ணு."
ட்ரைன்ட்யேவின் கைக்கடிகாரத்தை வாங்கி எண்ணினேன்.
நிமிடத்துக்கு இருபத்துநான்கு.
"நேற்றும் அதுதான். சொட்டு?"
நாற்பது.
"அதுவும் நேற்றுப்போல. உருளைக்குள்?"
ஆறு புள்ளி ஆறு.
"ம்."

கை அரித்தது எனக்கு.
கறுப்புத் திருகு, சுண்டுவிரல் நுனியளவு.
கொஞ்சம் இறுக்கினால் வாயு குறையும்,
கத்தல் நிற்கும், கேக் தொடரும்.

என் மூச்சிலிருந்தே கண்டுபிடித்திருப்பான்.
"போன குளிர்காலம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

போன குளிர்காலம்
பதறிப்போய் இரண்டையும் ஒரே இரவில் திருப்பினான்,
குமிழியையும் சொட்டையும்.
எது எதைக் கெடுத்தது என்று இன்றுவரை தெரியாது.
நான்கே நாளில் அந்த ஊதா மான்கொம்பு
நுனி வெந்து, தோலுரிந்து, சுண்ணாம்புக் குச்சியானது.
அதையும் உடைத்து
அந்த உருளைக்குள்தான் போட்டான்.
அன்று முழுக்கப் பேசவில்லை.

தொலைபேசியில் பாலத்தின் மணி அடித்தது.
படகு நெருங்குகிறது போல.
"ஹிஸ்கே, வீட்டில் எத்தனை பேர்?"

தலைகளை எண்ணினேன். சோபாவுக்குப் பின்னால்
ஒரு குழந்தை வேறு.
பத்தொன்பது.

"அடுப்பு?"
எரிகிறது. சூப்.

அவன் சிரித்ததில் மணிச்சத்தம் கலந்தது.
"ரியாக்டர் பாவம், அதை விடு.
ஜன்னலைத் திற."

நான் ஒட்டிய நாடாவை நானே கிழித்தேன்.
வடகடல் மொத்தமும் வரவேற்பறைக்குள் வந்தது.
"மீனுக்காகவா?" என்று ஹார்ம் கோட்டைத் தேடினார்.
மீன் இரண்டுதான், அதுகளுக்கு ஒரு கவலையுமில்லை என்றேன்.
மாமியாரம்மா "என் மூச்சாலேயா?" என்று கேட்டு
கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்,
நல்லவேளையாக, வீட்டுக்குப் போகும்வரை.

ஒன்பதரைக்கு ஏழு புள்ளி எட்டு ஒன்று.
கையுறை போட்டுக்கொண்டு கேக் சாப்பிட்டோம்.

காலை ஆறரைக்கு வீபே வந்தான்.
கோட்டைக் கழற்றாமல் அலமாரி முன் குந்தி
ஒரு நிமிடம் உதடசைய எண்ணினான்.
எழுந்தான்.
எதையும் திருப்பவில்லை.
மிச்சமிருந்த கேக்கை நின்றபடியே தின்றான்.
ஜன்னல் இன்னும் திறந்திருந்தது.