எல்லும் ஒன்றும்

பகாவ் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால்
எங்கள் உரக்கடைக்கு ஏழு பூட்டு.
இரும்புக் கதவுக்கு இரண்டு,
யூரியா கிடங்குக்கு மூன்று,
தவுக்கேயின் இழுப்பறைக்கு ஒன்று,
கழிப்பறைக்கும் ஒன்று:
செம்பனை லோரிக்காரர்கள் கேட்காமல் நுழைகிறார்களாம்.

கம்ப்யூட்டருக்கு ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள்.
திரையின் வலது மூலையில்
பிரதீபனின் கையெழுத்தில்
கடையின் பெயர், ஒன்று இரண்டு மூன்று.
பிரதீபன் வேலையை விட்டு
சிங்கப்பூர் போய் நாலு வருஷம்.
அவன் கையெழுத்து மட்டும்
இன்னும் தினமும் வேலைக்கு வருகிறது.

அதே சொல்தான் கணக்குக்கு,
அதே சொல்தான் மின்னஞ்சலுக்கு,
வைஃபைக்கும் அதுவே.
மூட்டை ஏற்ற வரும் பையன்கள்
வேர்வையோடு எட்டிப் பார்த்து
போனில் தட்டிக்கொள்வார்கள்.
மழைக்கு ஐந்தடியில் ஒதுங்கும் மாடுகூட
கேட்டால் சொல்லிவிடும்.

போன வருஷம் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்து
வணிகர் சங்க மண்டபத்தில் இரண்டு மணி நேரம் பேசினார்.
நாசி லெமாக் கொடுத்தார்கள்.
ஒரே கடவுச்சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்திருப்பவர்கள்
கை தூக்குங்கள் என்றார்.
மண்டபமே சம்பலை ஒதுக்கிக்கொண்டிருந்தது.
எனக்குச் சான்றிதழ் உண்டு.
பிளாஸ்டிக் உறை போட்டுத் தவுக்கே மாட்டினார்,
கடை லைசென்சுக்குப் பக்கத்தில்.

தீபாவளிக்கு முந்திய செவ்வாய்.
கிள்ளான் சப்ளையரிடமிருந்து கடிதம்:
வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புது எண் கீழே.
அதே சாப்பு, அதே கப்பல் படம்,
அடியில் அதே மேடம் கோ.
தவமலருக்குப் பண்டிகை வாழ்த்து என்றுகூட இருந்தது.

என் பெயர் எப்படித் தெரியும்?
தெரிந்திருக்கிறது.
மாதக்கணக்கில் எங்கள் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து
நான் தவணை கேட்டுக் கெஞ்சியதை,
மேடம் கோவின் மகளுக்கு டெங்கி வந்து தேறியதை,
எல்லாவற்றையும்
பொறுமையாக வாசித்திருக்கிறார் யாரோ.
என்னை இவ்வளவு கவனமாக
இந்த ஊரில் யாரும் வாசித்ததில்லை.

நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு வெள்ளி.
வங்கி டோக்கன் என்னிடமே இருந்தது.
"நீயே அழுத்து லா, எனக்குக் கண் தெரியல."
அழுத்தினேன்.

பிறகுதான் பார்த்தேன்.
முகவரியில் எல் நிற்கவேண்டிய இடத்தில்
ஒன்று நின்றது.
தோட்டத்தில் நிரை நிரையாக
மரத்துக்கு மரம் எண் அடித்து வைத்திருக்கிறோம்.
எழுத்துக்கு அடிக்க
ஆள் போடவில்லை.

போலீஸ் நிலையத்தில் சார்ஜன் கேட்டார்:
கடவுச்சொல் யார் யாருக்குத் தெரியும்?
பத்து விரலும் தீர்ந்ததும்
அவர் மேசைப் பேனாக்களை எண்ணத் தொடங்கினேன்.
எழுதுவதை நிறுத்தி
தன் திரையைக் கொஞ்சம்
சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.
அதன் மூலையிலும் மஞ்சளாய் என்னவோ.

மறுவாரம் தவுக்கே செலவு செய்தார்.
எட்டாவது பூட்டு.
ஒரு நாய்.
நாலு கேமரா, அதில் ஒன்று
நேராக என் நாற்காலியைப் பார்க்கிறது.
பொருத்த வந்தவனிடம் கேட்டேன்,
இதற்கு என்ன கடவுச்சொல்?
"பெட்டியோடு வந்ததுதான் அக்கா,
மாத்தினா மறந்துடுவீங்க."

யாரும் என்னைத் திருடி என்று சொல்லவில்லை.
இழுப்பறைச் சாவியை மட்டும்
கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.
டோக்கன் இன்னும் என்னிடம்தான்.

நேற்று அந்தத் தாளைக் கிழித்தேன்.
புதுச் சொல் வைத்தேன், நீளமாக,
வாய்விட்டுச் சொல்ல முடியாததாக.
பதினொரு மணிக்குள்
ஸ்டோர் லோகேஸ்வரன் இரண்டு தடவை,
தவுக்கே மூன்று தடவை,
ஈப்போவிலிருந்து அவர் மகன் போனில்.
வாசலில் லோரி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

புது மஞ்சள் தாள் எடுத்தேன்.
இந்தத் தடவை என் கையெழுத்து.
சொல்லின் நடுவில் ஓர் எல் வந்தது;
ஒன்று என்று யாரும் குழம்பிவிடக் கூடாதே என்று
அதன் அடியில்
சின்னதாக ஒரு கோடு போட்டேன்.