முதல் அடி

அமலோற்பவம் பாடப் பழகியது கோயில் மேடையில் அல்ல,
மண்டபம் ஐஸ் கம்பெனியில்.
பாளம் நொறுக்கும் மிசின்
நாலுக்கு ஒன்று கனமாய் இடிக்கும்.
அந்த ஒன்றில் வாய் திறப்பாள்.
மீதி மூன்றும்
பேர் கொடுக்காத கூலியாள் மாதிரி
ஓரமாய் நிற்கும்.

தலைமன்னார் கப்பலில் வந்த எவனோ
கடனுக்கு ஈடாய் விட்டுப்போன டேப்.
உறையில்லை, பேரில்லை.
யாரோ ஒருவர் வியர்க்க வியர்க்கக் கத்துகிறார்.
பின்னால் தடித்த கம்பி ஒன்று
நடக்கிறது, நிற்கிறது, திரும்ப நடக்கிறது.
"அட, நம்ம மிசினு" என்றாள்.
லேலண்ட் எஞ்சினுக்குக் கிரீஸ் வைத்த என் கை
அந்த மாசமே நாலு கம்பி கிடாரைப் பிடித்தது.

டிரம்ஸ், பெரியபட்டினம் சீனிக்காதர்.
டிரம்பட், சூசை; மூன்று சாவு வீட்டில் வாசித்த
சம்பளம் அவனுக்கு இன்னும் பாக்கி.
நாலு பேரில் ஒருத்தி பெண்.
போர்டில் 'சீலா பிரதர்ஸ்'.

சந்தியாகப்பர் திருவிழாவில் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள்.
அவள் 'ஏலம்' பாடினாள், தானே எழுதியது.
ஒரு தரம் என்பாள், நான் கம்பியை அறைவேன்.
ரெண்டு தரம், சூசை ஊதுவான்.
மூணாந்தரத்தைச் சொல்லவே மாட்டாள்.
தொண்டையில் வைத்துக்கொண்டு
எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என
எங்களைச் சுற்றவிடுவாள்.
யாவாரிகள் நாற்காலியில் நெளிந்தார்கள்.
கூடை தூக்கும் பெண்கள் மணலில் ஆடினார்கள்.
கமிட்டி கரண்டைப் பிடுங்கியது.
இருட்டிலும் சீனிக்காதர் நிறுத்தவில்லை.

சோல் என்றால் என்னம்மா என்று
ராம்நாடு நிருபர் கேட்டார்.
"சொல்லக் கொஞ்சம் நீட்டிப் பிடிச்சா சோல்."
எழுதிக்கொண்டார்.
மதுரை அச்சகத்திலிருந்து போஸ்டர் வந்தது:
சோள ராணி அமலோற்பவம்.
ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது,
பின்பக்கம் டீசல் கணக்கு.

பிறகு மெட்ராஸ். ஏழு பாட்டு, ஒரு கேசட்.
'ஆண்கடலுக்கும் பெண்கடலுக்கும் நடுவே
ஒரு ரயில்தான் வேலி' என்று ஒரு வரி வரும்;
அதைப் பாடும்போது மட்டும் கண்ணை மூடுவாள்.
எழுநூற்றைம்பது ரூபாய்க்கு 'ஏலம்' போனது.
எழுத்து, மெட்டு, இனி பிறக்கும் உரிமைகள் உட்பட என்று
பத்திரத்தில் இருந்ததை ஒருத்தரும் வாசிக்கவில்லை.
கம்பெனிக்காரர் பேனாவை மூடினார், டக்.
அதுதான் மூணாந்தரம்.

துணி சோப்பு விளம்பரத்தில்
வேறொருத்தி குரலில் அது வந்தபோது
அமலோற்பவம் சிங்கப்பூரில்,
ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில்,
பதினோராவது வருஷமாய்ப் பிறர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.
தொண்டையில் முடிச்சு. கத்தி வைத்தார்கள்.
போனில் கேட்ட குரலில் பாதி மணல்.
சரி, முடிந்தது என்று கிடாரைச் சாக்கில் கட்டினேன்.

போன பங்குனியில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.
அறுபத்தேழு வயசு, கண்ணில் மை,
சுகமா என்று கேட்கவில்லை,
"கம்பி மாத்துனியா?"
மாற்றியிருந்தேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

ஐஸ் கம்பெனி இப்போது இறால் குளிரறை,
மிசின் சத்தமே போடாது.
முதல் அடியை வைத்தேன்.
அவள் வரவில்லை.
இரண்டாவதில் வந்தாள்,
கரகரத்து, படகு அடி மணலில் உரசுவது போல.
நிறுத்தினேன். "தப்பிருச்சு."
"தப்பல. ஒண்ணுல எல்லாரும் ஏறி நிக்கிறாங்க,
எடமில்ல.
இது புதுப்பாட்டு, இன்னும் பாதி எழுதல.
சீனிக்காதர் போயிட்டாருன்னு தெரியும்.
மக எதையாவது தட்டுவாளா,
கேளு."