ஆறரை

என் கைக்கு ஆறரை.
பிரசவ அறை அலமாரியில் ஏழு இருந்தது,
ஏழரை இருந்தது, எட்டுகூட இருந்தது.
"ஸ்டாக் வரலை டாக்டர்" என்பார் மேட்ரன் கம்சியா,
பதிவேட்டைவிட்டு நிமிராமல்.
பதினொரு மாதமாக வராத ஸ்டாக்.

ஏழரை மாட்டினால் விரல்நுனியில் காற்று நிற்கும்,
குழந்தையின் உச்சிக்குழி தட்டுப்படாது.
ஏழரை என்றாலே நமக்குச் சனிதானே என்று
சிரித்தபடி
சொந்தக் காசில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன்.

வெள்ளைப் பலகையில் எல்லாருக்கும் பெயர் உண்டு.
என் இரவுகளில் மட்டும் 'ஜி.பி.' என்று எழுதியிருக்கும்.
நிபுணரை அழைத்தால்: "இதுக்குமா?"
அழைக்காவிட்டால்: "இதுக்குக்கூடவா இல்லை?"

நானும் கத்தியிருக்கிறேன்.
பயிற்சிக்கு வந்த மிஸ்ஸி ஒருத்தி,
கையில் தட்டு நடுங்க நின்றாள்.
என் இரண்டாவது இரவு அது, தூக்கமில்லை.
இதை எழுதாமல் விட்டால்
மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

கடைசி இரவு ஜெலுத்தோங்கில் நல்ல மழை.
பவதாரணிக்கு ஏழு சென்டிமீட்டர்.
குழந்தையின் துடிப்பு சரிந்தது, மீண்டது, மறுபடி சரிந்தது.
ஒன்று நாற்பதுக்கு அழைத்தேன்.
இரண்டேகாலுக்கு வந்தவர்
அவளுடைய மடங்கிய முழங்கால்களுக்கு மேலாக என்னிடம் கேட்டார்:
"சளிக்கு மருந்து எழுதுறவங்களுக்கு இங்க என்ன வேலை?"
அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.
வலி வந்தது, பிடி இறுகியது,
நான் பதில் சொல்லவில்லை.

பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம்.
பிறந்ததும் அழுதாள்.
அந்த அறையில் அப்போது
தன் மனதில் இருந்ததைச் சொன்னது அவள் ஒருத்திதான்.

பிறகு ஒரு கூட்டம்.
தட்டில் பச்சைக் கூவே, யாரும் தொடவில்லை.
நடந்ததற்கு அவர்கள் வைத்த பெயர்
தகவல் பரிமாற்றக் குறைபாடு.
ஒப்பந்தம் டிசம்பரில் முடிந்தது.
நான் புதுப்பிக்கவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது ஆறு மணிக்குக் கிளினிக்கை மூடுகிறேன்.
இரத்த அழுத்தம், சர்க்கரை, விடுப்புச் சான்றிதழ்.
இரவெல்லாம் உறங்குகிறேன்.
முகம் தெளிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.
இரண்டு மணிக்கு மட்டும் ஒருமுறை விழிப்பு வரும்,
போன் அடிக்காமலே.

நேற்றுப் பவதாரணி வந்தாள், பன்னிரண்டு வாரம்.
மூத்தவள் எடை எந்திரத்தில் ஏறி ஏறி இறங்கினாள்.
"இதையும் நீங்கதானே டாக்டர்?"
நான் மேல்மருத்துவத்துக்கான கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.
தேதியை இருமுறை தப்பாகப் போட்டேன்.
அவள் அதை நான்காக மடித்துக்கொண்டாள்.
காரணம் கேட்கவில்லை.
அன்றிரவு அவள் கண்களை மூடியிருந்தாள்,
காதுகளை அல்ல.

மேசையின் கீழறையில் பெட்டி கிடந்தது,
பாதிக்கு மேல் மிச்சம், அக்டோபரோடு காலாவதி.
ஒன்றை எடுத்து ஊதினேன்.
ஐந்து விரலும் சேவல் கொண்டையாய் விறைத்து நின்றன.
முடிச்சுப் போட்டு அந்தச் சின்னவளிடம் கொடுத்தேன்.
கையைப் பிடித்துக் குலுக்குவதுபோல் அதைக் குலுக்கிக்கொண்டே
வாசல் தாண்டிப் போனாள்.