எழுநூற்று அறுபது கிலோ

ஞாயிறு விடிய நாலரைக்கு
நானுஓயாவுக்கு மேல், பனிக்குள்,
நான்கு தட்டுகளைத் தரையில் பரப்பி
நீர்மட்டம் வைத்துப் பார்க்கிறேன்.
ஒரு தட்டின் அடியில்
சிகரெட் பெட்டி அட்டையை மடித்துச் செருகினால்தான்
குமிழி நடுவுக்கு வருகிறது.

கிழமை நாளில் நான் கொழுந்து நிறுக்கிறவன்.
மாதத்தில் ஒரு ஞாயிறு கார் நிறுக்கிறவன்.
இரண்டுக்கும் ஒரே பென்சில்.

வரிசையில் வருகின்றன எண்ணூறு சிசிக் குஞ்சுகள்:
பின் இருக்கை பிடுங்கிய ஆல்ட்டோக்கள்,
கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஒட்டிய மாருதிகள்.
ஒரு கதவில் பேக்கரி விளம்பரம்,
இன்னொன்றில் யாரோ ஒருத்தியின் பெயர், பாதி சுரண்டி.
எஞ்சினுக்கு ஈய முத்திரை.
ஹெல்மெட்டைத் தட்டிப் பார்க்கிறார் விக்ரமநாயக்க,
பலாப்பழம் வாங்குகிறவரைப் போல.
ஏழரைக்கு ஓட்டுநர் கூட்டம்;
மூன்று மொழியில் ஒரே மிரட்டல்:
மஞ்சள் கொடி கண்டால் முந்தாதே.

என் சட்டம் சின்னது.
ஓட்டுகிறவன், உடுப்பு, மிச்சப் பெட்ரோல் எல்லாம் சேர்த்து
எழுநூற்று அறுபது. குறையக் கூடாது.
கூடினால் அது உன் பாடு.
வென்றவனுக்குக் கோப்பைக்கு முன்னே கிடைப்பது
பதினைந்து கிலோ ஈயக்கட்டி.
அதைச் சுமந்துகொண்டு இரண்டாம் ஓட்டத்தில்
ஆறாம் இடத்திலிருந்து புறப்பட வேண்டும்.
ஆறாவதாய் வந்தவன் முன்னே நிற்பான்,
நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

பத்துச் சுற்று.
மூன்றாம் வளைவில் யூக்கலிப்டஸ் இலை ஊறி வழுக்கும்.
அங்கே வரிக்கொடி பிடித்த பையன்
முதலில் முழங்காலுக்கு மேல் தெரிந்தான்,
பிறகு கொடி மட்டும்,
பிறகு அதுவும் இல்லை.
காதால்தான் பார்த்தோம்.
கியர் இறங்கும் இருமல். ஒன்று. இரண்டு.
இருபத்தேழு இன்னும் வரவில்லை.
வந்தது,
உள்பக்கமாய், ஷிராஸ் லத்தீபின் கதவில் கதவு உரசி,
ஹட்டன் கராஜ்காரன் மதியரசன்.

முதலாவது.

கொடி விழுந்த பிறகு அவன்
புல்லோரம் இறங்கிச் சேற்றில் உருட்டி வந்தான்.
ஏனென்று எனக்குத் தெரியும். சேறும் நிறைதான்.
சக்கரக் கூட்டில் அப்பியது,
காலடியில் தேங்கிய மழை,
எல்லாம் காரின் கணக்கில் சேரும்.
வந்த கோலத்திலேயே நிறு என்கிறது சட்டம்.

எழுநூற்று ஐம்பத்தொன்பது.

முகக் கண்ணாடியை மட்டும் உயர்த்தி
இலக்கத்தைப் பார்த்தான்.
காரை இறக்கினோம். தட்டுகளைத் துடைத்தேன்,
பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன், மறுபடி ஏற்றினேன்.
அதுவும் சட்டம்:
இரண்டு தரம், உரியவன் கண்முன்னே,
இலக்கம் அவன் பக்கம்.

எழுநூற்று ஐம்பத்தொன்பது.

"காலையில சாப்பிட்டிருக்கலாம் அண்ணே."
கையெழுத்துப் போட்டான்.
கோப்பை லத்தீபுக்கு. ஈயமும் லத்தீபுக்கு.
கடைசி வரிசையிலிருந்து மதியரசன்
எட்டாவதாய் வந்தான்,
தராசுப் பக்கமே பார்க்காமல்.

திங்கள். நாலாம் நம்பர் மலை. பத்து மணி நிறுவை.
மழை சாக்கிலிருந்து ஒழுகுகிறது.
என் பதிவேட்டில் ஒரு பத்தி அச்சடித்தே இருக்கிறது:
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று.
தராசின் முகம் எப்போதும் என் பக்கம்.
இன்றைக்குக் கொக்கியைத் திருப்பி
வரிசையின் பக்கம் வைத்தேன்.
கங்காணி குடைக்குள் தொண்டையைச் செருமினார்.

பவளக்கொடி குனிந்து வாசித்தாள்: பதினெட்டு.
நான் பதினைந்து என்று எழுதினேன்.

"மூணு எங்க?"

"ஈரம். சாக்கு."

"அந்தத் தண்ணியையும்
நான்தானே மேட்டுக்குத் தூக்கியாந்தேன்?"

பென்சிலை நாக்கில் தொட்டேன்.
அடுத்தவள் சாக்கை இறக்கினாள்.