எரித்தபின் குறைவது

அம்பகாமத்தில் கச்சான் தோட்டம்.
கண்ணிவெடி அகற்றினவர்கள் போய்
இது நாலாம் போகம்.
அவர்கள் விட்டுப்போன சிவப்புத் தடியொன்றில்
தவமலரக்காவின் பாகல் ஏறுகிறது.

செடியைப் பிடுங்கி உதறுகிறேன்.
உதிர்வது போகட்டும்.
உதறியும் விழாமல்
வேரைக் கட்டிக்கொண்டு கிடக்கிறதே
ஒரு சிட்டிகை,
அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.
தூரிகையால் துடைத்துப் பையிலிட்டு
ஐஸ் பெட்டியில் வைக்கிறேன்.

"உதுக்குள்ள என்ன பிள்ளை கிடக்கு?"
"கோடிக்கணக்கில உயிர், அக்கா."
அவ பையை வெயிலுக்குப் பிடித்துப் பார்க்கிறா.
"ஒண்டையும் காணேல்லை."

வேர் முடிச்சை நகத்தால் கீறினேன்.
உள்ளே சிவப்பு.
கையை இழுத்துக்கொண்டா.
"பயப்பிடாதேங்கோ. வேலை நடக்குது எண்டு அர்த்தம்."

இலை வெயிலில் காய்ச்சிய சீனியில்
ஒரு பங்கு கீழே இறங்குகிறது.
தின்பவை தின்று, பெருகி,
மூச்சாய்க் கொஞ்சம் திருப்பி விட்டு, சாகின்றன.
செத்ததின் தோல் களியில் ஒட்டிக்கொள்கிறது.
மண் பிடித்து வைத்திருக்கும் கரியில்
பெரும்பங்கு
பேரில்லாத அந்தச் சாவுகள்.

இந்தக் காணியை ஒரு சாண் ஆழத்துக்கு
அரித்து, சலித்து, புரட்டிப் போட்டிருந்தார்கள்.
வேறு வழியில்லை.
வேலிக்கு அப்பால்
மண்டையோட்டுப் பலகைக்குப் பின்னால்
பாலை மரங்களின் கீழே
யாரும் தொடாத மண் இருக்கிறது.
அதில் எவ்வளவு கரி என்று
என் அட்டவணையில் ஒரு வெற்றுக் கட்டம்.

கிளிநொச்சி. இரவு.
உலை ஐந்நூற்றைம்பது பாகையில்.
முன்பு நிறுத்தேன், ஆறியபின் நிறுத்தேன்.
எவ்வளவு குறைந்ததோ
அவ்வளவு இருந்தது என்று எழுத வேண்டும்.
இருந்ததை அறிய
எனக்குப் படிப்பித்த வழி இது.
எழுதும்போது ஒவ்வொரு முறையும்
பேனை கொஞ்சம் நிற்கிறது.

மறுநாள் போன் எடுத்தா.
"என்ர காணி என்னவாம்?"
"நூற்றுக்கு இரண்டு தசம் ஒன்று.
போன முறை ஒன்று தசம் எட்டு."
"கூடியிருக்கோ?"
"தசம் மூன்று."
பின்னால் கோழிச் சத்தம்.

"கச்சானை வேரோட பிடுங்காம எடுக்கேலாது, என்ன?
அடுத்த போகம் உழுந்து போடுறன்.
அரிவாளால அறுக்கிறன்.
வேர் கிடக்கட்டும் கீழ,
அதுகளுக்கு."