நானூற்று இருபதில் ஒரு மேடு

தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று
வேறு ஊர்களில் அதிகாரிகள் மிரட்டுவார்களே,
அந்தக் காட்டுக்கு நான் விண்ணப்பம் போட்டு வந்தேன்.
மண்டபத்தில், ரயில்வே கேட்டுக்குப் பின்னால்,
ஒரு மேசை, ஒரு தராசு,
கதவு சரியாக மூடாத ஒரு குளிர்பெட்டி.
வேலை: கட்டக்கோரைச் சாற்றில்
வெள்ளியை நுண்துகளாக விளைவிப்பது.
ஒரு தலைமயிரை நெடுக்கில் எண்பதாயிரமாக வகிர்ந்தால்
ஒரு வகிர் ஒரு நானோமீட்டர்.

முதல் ஐந்து தடவையும் திரிந்துபோனது.
வெள்ளி நைட்ரேட் விழுந்த மறுகணம்
கெட்ட பால் மாதிரி வெள்ளைத் துருவல்,
அடியில் வண்டல்.
"உப்பு" என்றான் ஜெரின், குழாயை வெளிச்சத்தில் பிடித்து.
உப்பைக் கண்டால் வெள்ளி வேறு யாரையும் பார்க்காது,
போய் ஒட்டிக்கொள்ளும்.
இங்கே உப்பில்லாதது எது?
கதவுக் கீல், கணினியின் விசைகள், சைக்கிள் செயின்,
என் மூக்குக்கண்ணாடியின் திருகாணி.

ஆகவே பாசியைக் கழுவ வேண்டும். ஏழு முறை.
நல்ல தண்ணீரில்.
பரக்கத் அலியின் டிராக்டர் செவ்வாயும் சனியும் வரும்,
குடம் பன்னிரண்டு ரூபாய்.
முயல்தீவிலிருந்து பாசி கொண்டுவந்த முத்துராக்கு
மூட்டையை இறக்கிவிட்டு வாசலில் நின்று எண்ணினாள்.
"பதினோரு குடமா? இந்தப் பாசிக்கா?
எம் மகளுக்கு ரெண்டு குடத்துலதான்
சடங்குத் தண்ணி ஊத்துனேன்."

ஆறாம் தடவை, கச்சான் ஓய்ந்திருந்த ஒரு நள்ளிரவில்,
வெளிர்மஞ்சள் தேனாகி
தேன் கடுங்காப்பியானது.
கருவியின் கோடு நானூற்று இருபதில் மேடாக எழுந்தது.
"போர் ட்வென்டி" என்று ஜெரின் சிரித்தான்,
"இதை எப்படி நம்புறது?"
நம்பினோம்.
குழாயைத் தெர்மோகோலுக்குள் புதைத்து
காரைக்குடி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தோம்,
அதற்கும் ஒரு டிக்கெட் போட்டு.

எட்டாம் நாள் படம் வந்தது.
சாம்பல் வெளியில் கரும்புள்ளிகள்:
பன்னிரண்டு, பதினெட்டு, பதினாறு,
ஒன்று மட்டும் எப்படியோ முப்பத்தொன்று.
தட்டில் அவற்றைச் சுற்றிக்
கிருமி இல்லாத ஒரு தெளிந்த வட்டம்.
களிம்பாகக் குழைத்து மூடிபோட்டுத் தேதி எழுதினேன்.

முத்துராக்கு விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்தாள்.
பாரில் உரசி உரசி
மீன் வயிறு போல வெளுத்த தோல்.
"போட்டா ஆறுமா?"
எலிக்கே இன்னும் அனுமதி வரலைக்கா.
"எலிக்கு யாருட்ட கேப்பீக?"
ஒரு கமிட்டி.
"எனக்கு?"
அதுக்கு வேற கமிட்டி.
எலிக்கு முன்னாடி வரிசையில் நிற்கிறேன் என்று சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல்,
"ரேகை வருமா?"

ரேஷன் கடைக் கருவி
மூன்று மாதமாக அவளை ஏற்கவில்லை.
மறுபடி வையுங்கள், மறுபடி வையுங்கள்.
பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று.

ரேகையின் ஒரு வரம்பு அரை மில்லிமீட்டர்.
என் புள்ளிகளை அதன் குறுக்கே நிறுத்தினால்
முப்பதாயிரம் நிற்கும்.
வெறுங்கண்ணுக்கே தெரிகிற அகலம்.
என் ஆய்வுத் திட்டத்தில் அது எங்கும் இல்லை.
குறிக்கோள் ஒன்று: கிருமி. இரண்டு: புண்.
மூன்று: இரண்டு கட்டுரைகள்.
தெரியலை என்றேன்.
நான்கு வருடத்தில் இந்த அறையில்
தயங்காமல் சொன்ன ஒரே முடிவு அது.

அவள் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஏழாம் கழுவல், ஒரு வாளி,
கொட்டுவதற்காக வைத்திருந்தது.
"அது உப்பா?"

ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் மொண்டு
ஒரு சொட்டு வெள்ளி விட்டேன்.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
கலங்கவில்லை.
குழாயை ஓரமாக வைத்துவிட்டு,
வாளியை அவள் கேனில் சாய்த்தேன்,
சிந்தாமல், அளவுகோடு பார்க்கிற பழக்கத்தில்
கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி.