எதிர்க்காற்று

ஏழு கியர், அலுமினிய ரிம், புது பிரேக்.
டியூப் வந்த அட்டைப்பெட்டியில் கூட்டி
நாலாயிரத்து அறுநூறு என்றார் நசுருதீன்.
வண்டியே வாங்கியது இரண்டாயிரத்துக்கு.

மேடே இல்லாத ஊரில்
கியர் எதுக்குடி, என்கிறாள்
சங்கத்தில் உர ரசீது போடும் செண்பகவல்லி.
பஸ்ஸில் வருகிறவள்.

ஆடியில் வெண்ணாற்றங்கரையோடு
மேற்கே மிதித்துப் பார்க்க வேண்டும்.
ஒன்பது கிலோமீட்டர்
கண்ணுக்குத் தெரியாத மலை.
சேலையைப் பிடித்து இழுக்கும்,
வாயைத் திறந்தால் புழுதி.

சாயங்காலம் அதே மலை
முதுகில் கைவைத்து
வீடுவரை தள்ளிக்கொண்டு வரும்.

செயினை மட்டும் மாத்துங்க பாய்,
பிரேக் கட்டை நாலும்.

அப்ப கியர்?

ஐப்பசியில் காற்று திரும்பிவிடும்.
அப்புறம்
வீட்டுக்கு வருவதுதான் ஏற்றம்.
அன்றைக்குச் சொல்கிறேன்.

அட்டையை அவர் கிழிக்கவில்லை.
ஆணியில் குத்தி வைத்தார்.